ஊசி போட்ட பத்துக் குஞ்சுகள்

மில் வேலை போன பிறகு, முத்தியால்பேட்டையில் வீட்டுப் பின்புறத்தில் நாட்டுக்கோழி வளர்த்துப் பிழைத்தாள் நிர்மலாதேவி. 2007இல் தடுப்பூசி போட்ட பத்துக் குஞ்சுகளை வாங்கி, ஊசி போடாத தன் குஞ்சுகளோடு சேர்த்து அடைத்தாள். மூன்றே மாதத்தில் அவளுடைய கோழிகள் ஒவ்வொன்றாகக் கால் விளங்காமல் விழுந்து செத்தன. வாங்கிய பத்தும் திடமாக மேய்ந்தன.

செத்த கோழி ஒன்றைக் கால்நடை ஆய்வகத்துக்கு எடுத்துப்போனாள். டாக்டர் இளஞ்செழியன் அறுத்துக் காட்டினார். ஈரல் முழுக்க வெள்ளைக் கட்டிகள்.

“கேன்சரும்மா. ஹெர்பிஸ் வைரஸால வருது. அதுல இருக்கிற ஒரு ஜீன் உண்டாக்குற புரதம், கோழியோட செல்லை அடங்காம பெருக வைக்குது. மனுசங்களுக்கு வராது.”

“இது எங்கேர்ந்து சார் வந்துச்சு? புதுசா வாங்குனதுங்க ஊசி போட்டதாச்சே!”

“ஊசி கட்டி வராமத்தான் தடுக்கும். வைரஸ் உடம்புலயே இருக்கும். இறகுத் தூசியில அதுங்கதான் பரப்பியிருக்கணும்.”



“நானே கொண்ணுட்டேனா சார்?”

“உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?” என்றார் அவர்.

அவள் அந்தப் பத்தையும் அப்புறப்படுத்தி, கூண்டை எரித்து, பல மாதம் இடத்தைச் சும்மா போட்டாள். பிறகு வாங்கிய எல்லாக் குஞ்சுகளும் பொரித்த அன்றே ஊசி போட்டவை. அவை நன்றாகத்தான் வளர்ந்தன. ஆனால் திடமாக மேய்ந்த அந்தப் பத்தும் நினைவுக்கு வர, ‘நல்லா வளருதுங்க’ என்று சொல்ல மட்டும் அவளுக்கு வாய் வரவில்லை.