தோசைக்கு நான் சொன்ன பொய்

முடக்குவாதத்தால் என் விரல்கள் வீங்கியதும், காட்டுப்பாக்கம் முழுக்க எனக்கு வைத்தியர்கள் முளைத்தார்கள். மாடி வீட்டு மல்லிகாக்காவுக்கும் அதே நோய். தினமும் முடக்கத்தான் தோசை சுட்டு எனக்கும் இரண்டு கொண்டுவருவார். ஆஸ்பத்திரி மாத்திரையை ரகசியமாக விழுங்கிக்கொண்டே, "உங்க தோசையாலதான்க்கா வலி போச்சு" என்று புளுகுவேன்.

ஒரு நாள் தோசை வரவில்லை. மேலே போனால், அக்கா விரலை மடக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

"உனக்குக் கேட்டுச்சேன்னு என் மாத்திரைய நிறுத்திட்டேன்டி. எனக்கு மட்டும் கேக்கமாட்டேங்குது."

வெட்கத்தோடு ஓடிப்போய் என் மாத்திரை அட்டையை எடுத்துவந்து நீட்டினேன். அக்கா முறைத்தார்.

"அப்ப இத்தினி நாளா தோசைய இன்னாத்துக்குடி துன்ன?"

"நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான்..."

"அடிப்பாவி! நீ சொன்னியேன்னுதான் நானும் அந்தக் கசப்ப வுடாம முழுங்கிகினு கீறேன்!"

அன்றே இருவரும் ஒரே ஆட்டோவில் டாக்டரிடம் போனோம். இப்போதெல்லாம் யார் அன்போடு கொடுத்தாலும், கசந்தால் கசக்கிறது என்றே சொல்லிவிடுகிறேன்.