நாலு கல்லுமலையில் அக்கா இருக்கும் கல்லுமலை

போன மாதம் மூன்று நாள் விடாத மழை. மலையில் மண் சரிகிறது என்று செய்தியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கல்லுமலைத் தோட்டத்தில் தனியாக இருக்கும் என் அக்கா பாக்கியம் போனை எடுக்கவில்லை. நேரில் போகலாம் என்றால் எனக்கு வழி தெரியாது. அம்மா செத்த பதினாறாம் நாள், அம்மாவின் பித்தளைக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனவள் அவள். போனில் பேசுவேனே தவிர, அந்த வீட்டு வாசலை நான் மிதித்ததில்லை.

ஹட்டனில் வீட்டில் உட்கார்ந்து, போனில் "கல்லுமலை" என்று தேடினேன். நாலு கல்லுமலை வந்தது. அவற்றின் கீழே வந்ததெல்லாம் வெள்ளைக்காரர் தங்கும் பங்களா! பங்களா என்ற சொல்லுக்கு முன்னால் ஒட்டினாற்போல் கழித்தல் குறி போட்டதும் அவை ஓடிவிட்டன; நாலில் அக்கா இருப்பது எது என்று மட்டும் தெரியவில்லை. பிறகு யோசித்தேன்: அக்கா வீட்டைப் பற்றி யார் இணையத்தில் போடப்போகிறார்கள்? கோயில் தேரைத்தான் போடுவார்கள். இரும்புப் பாலத்தைத் தாண்டித் தேர் வரும் என்று அவள் என்றைக்கோ சொன்னது எனக்கு மறக்கவில்லை. "கல்லுமலை மாரியம்மன் தேர் இரும்புப் பாலம்" என்று போட்டேன். முதல் வீடியோவின் கீழேயே பூண்டுலோயா என்ற ஊர்ப் பெயரும், தோட்டத்தின் ஆங்கிலப் பெயரும் இருந்தன. அந்தப் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டு, கடைசி 24 மணி நேரச் செய்தியை மட்டும் பார்த்தேன். பாதை திறந்திருந்தது.

மறுநாள் காலை 6.30 பஸ்ஸில் தலவாக்கலை. அங்கே மாறிப் பூண்டுலோயாவில் இறங்க ஒன்பதாகிவிட்டது. ஆட்டோக்காரரிடம் போனில் இருந்த ஆங்கிலப் பெயரைக் காட்டினேன்.

"இந்தப் பேர்ல இங்க எதுவும் இல்லையே அம்மாயி."

வீடியோவில் பார்த்ததைச் சொன்னேன். "இரும்புப் பாலம், மாரியம்மன் கோயில்..."

"அட, கல்லுமலைன்னு சொல்லுங்க! ஏறுங்க."

ஆறு கிலோமீட்டர், 900 ரூபா.

அக்கா, தோட்டத்து வரிசை வீடான லயத்து வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"கரண்ட் இல்லடி, போன் செத்துப்போச்சு. இப்பதான் ஒனக்கு வழி தெரிஞ்சிச்சா?"

உள்ளே கூரை ஒழுகும் இடத்தில் குடம் இருந்தது.

"அம்மா கொடத்த ஒழுக்குக்கா வச்சிருக்க?"

"வேற எதுல இவ்வளவு தண்ணி புடிக்கும்? உக்காரு, தேத்தண்ணி ஊத்துறேன்."

இப்படித் தேடிப் போகிறவர்கள் இரண்டு பெயரும் வைத்திருங்கள். போனுக்குத் தோட்டத்துப் பெயர்ப்பலகையில் இருக்கும் ஆங்கிலப் பெயர், ஆட்டோவுக்குச் சனம் சொல்லும் பெயர். குடும்பக் கதை முழுவதையும் தேடும் இடத்தில் கொட்டாதீர்கள். அந்த ஊர்க்காரர் என்ன எழுதியிருப்பார் என்று நினைத்து நாலு சொல் போடுங்கள். மழை நாளில் செய்தியின் தேதியைப் பாருங்கள்.

அடுத்த மாதம் குடத்தைக் கேட்டு வாங்கப் போகிறேன். வழிதான் தெரிந்துவிட்டதே.