தாயத்து அட்டை

சோப்பு அக்கா என்று அவளுக்குப் பெயர் வைத்தவர்கள் அன்பினால் ஒன்றும் வைக்கவில்லை. தொழிற்சாலையில் கை கழுவும் இடத்தில் சுவரோடு திருகி வைத்திருக்கும் புட்டியின் சோப்புத் தண்ணீரை நம்பாமல், சொந்தச் சோப்பை டப்பாவில் போட்டுக் கொண்டுவருகிறவள் அந்த ஷிஃப்ட்டில் அவள் ஒருத்திதான். அந்தப் புட்டியின் குமிழை எத்தனை பேர் எந்தக் கையால் அழுத்தியிருப்பார்கள் என்று நினைத்தாலே கையை இழுத்துக்கொள்வாள். சாப்பாட்டுக்கு முன் மூன்று முறை கழுவுவாள். பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் பெருமூச்சு விடுவார்கள். விடட்டும்.

வீட்டிலும் இதே கூத்துதான். புருஷன் லிஃப்ட் மெக்கானிக். நகத்தில் கிரீஸ் இல்லாத நாள் கிடையாது. மனுஷர் செருப்பைக் கழற்றும்போதே வாசலில் பழைய துணியும் ஒரு வாளித் தண்ணீரும் தயாராக நிற்கும். "எங்க அண்ணனைக் கல்யாணம் பண்ணிக்கிட்டீங்களா, ஊற வைக்கக் கூட்டிட்டு வந்தீங்களா அண்ணி?" என்று நாத்தனார் கேட்டு இருபது வருடமாகிறது. இன்னும் அந்த வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அவளுடைய வேலை, சுருக்கமாகச் சொன்னால், மெஷினுக்குத் தீனி போடுவது. பதினோரு வருடமாகப் போடுகிறாள். ஜன்னலே இல்லாத நீளமான கூடம். வெறும் பச்சைப் போர்டு ஒரு முனையில் உள்ளே போகும். மறுமுனையில் நூற்றுக்கணக்கான பொடிச் சாமான்கள் உட்கார்ந்து வெளியே வரும். உட்கார வைப்பது மெஷின். அந்தச் சாமான்கள் ரீல் ரீலாக நாடாவில் சுற்றி வரும். நாடா முழுக்கக் குழி, குழிக்கு ஒன்று, கடுகில் பாதி. ரீலை ஃபீடர் என்கிற சட்டத்தில் மாட்டி, மேல்தாளை உரித்து, நாடாவைப் பல்சக்கரத்தில் கோத்து, மெஷினின் இடுப்பில் அதற்கென்று இருக்கிற இடத்தில் செருக வேண்டும். அப்படி எண்பத்து நான்கு இடம். எது தீரப் போகிறது என்று பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். தீர்ந்தால் மெஷின் கத்தும். மெஷின் கத்தினால் லைன் லீடர் கத்துவார்.

லைன் லீடருக்குப் பல்லழகர் என்று பெயர். மேலதிகாரி வந்தால் முப்பத்திரண்டும் தெரியும். போனதும் உதடு மூடிக்கொள்ளும். சுவரில் 'தரமே எங்கள் உயிர்' என்று எழுதியிருக்கும் பலகைக்குக் கீழே நின்று, விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு ரீலின் மேல்தாளை உரிப்பார். அந்த ஈர விரலாலேயே அடுத்தவர் தோளைத் தட்டிக் கொடுப்பார். தட்டு வாங்கிய இடத்தைச் சோப்பு அக்கா அன்று முழுக்க நாற்காலி முதுகில் தேய்த்துக்கொண்டிருப்பாள். சீ, என்ன பிறவி!

சாமான்கள் எல்லாம் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். எது எது என்று ரீலின் லேபிள்தான் சொல்லும். அதனால் ஒரு சட்டம்: ரீலை மாட்டுவதற்கு முன் அதன் லேபிளை ஸ்கேனரில் காட்ட வேண்டும், பிறகு செருகும் இடத்தைக் காட்ட வேண்டும். இரண்டும் பொருந்தினால் பச்சை விளக்கு. பொருந்தாவிட்டால் சிவப்பு, மெஷின் நகராது. நல்ல சட்டம்தான். ஆனால் லேபிள் கசங்கியிருந்தால் ஸ்கேனர் முரண்டு பிடிக்கும். இரண்டு நிமிடம் போகும். இரண்டு நிமிடம் லைன் நின்றால் பல்லழகருக்கு உயிர் போகும்.

ஆகவே அவர் ஒரு காரியம் செய்தார். எண்பத்து நான்கு ரீல்களின் லேபிளையும் நகலெடுத்து, வரிசையாக ஓர் அட்டையில் ஒட்டி, மேலே பிளாஸ்டிக் உறை போட்டு, மெஷினுக்கு ஒன்றாக ஓரத்தில் மாட்டிவிட்டார். இனிமேல் ரீலைக் காட்ட வேண்டாம். அட்டையைக் காட்டினால் போதும். எப்போதும் பச்சைதான். சிவப்பு விளக்கை விரட்டுகிற பொருள் என்பதால் பெண்கள் அதற்குத் தாயத்து என்று பேர் வைத்தார்கள். எண்ணிக்கை ஏறியது. பல்லழகருக்கு மேலிடத்தில் நல்ல பேர். தாயத்து மட்டும் பல கை பட்டுப் பட்டு, ஓரமெல்லாம் அழுக்கு படிந்து, பிசுபிசுவென்று தொங்கியது.

சோப்பு அக்கா ஒரு மாதம் அதைத் தொடவில்லை. கொள்கை, கத்தரிக்காய் என்றெல்லாம் கிடையாது; அதன் பிசுபிசுப்பு பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அதற்குள் அவள் லைன்தான் எல்லாவற்றிலும் மெதுவான லைன் என்று பேராகிவிட்டது. "அக்கா, உங்களால எங்க எல்லாருக்கும் திட்டு விழுது. ஊரே பண்ணுது, நீங்க மட்டும் என்ன?" என்று பக்கத்து மெஷினில் தீனி போடும் சிட்டு ஒருநாள் அழாத குறையாகக் கேட்டாள். சிட்டு நல்ல பெண். மறுநாள் சோப்பு அக்காவும் தாயத்தை எடுத்தாள், காட்டினாள், வைத்தாள். பிறகு போய்க் கை கழுவினாள். ஒரு வாரத்தில் கழுவப் போவதும் நின்றுவிட்டது. அதை நினைத்தால்தான் அவளுக்கு இப்போதும் தன் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஒரு மாடல் முடிந்து அடுத்த மாடலுக்காக ரீல்களைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஸ்டோருக்குத் திருப்பி அனுப்பும்போது மீதி எவ்வளவு என்று ரீல் மேலேயே எழுத வேண்டும். முப்பத்தேழாவது இடத்து ரீலை எடுத்து எழுதப் போனவள் லேபிளைப் பார்த்தாள். கடைசி எண் மூன்றாக இருக்க வேண்டும். நான்காக இருந்தது. அந்தச் சாமான் ரெசிஸ்டர், மின்சாரத்தை மட்டுப்படுத்துவது; அதில் அந்த ஓர் எண் மாறினால் பத்து மடங்கு வித்தியாசம். காலை எட்டு மணிக்கு அந்த ரீலை மாட்டியது அவளேதான். அலமாரியில் மூன்றும் நான்கும் அடுத்தடுத்து இருந்தன. கை எடுத்தது நான்கை. தாயத்து காட்டியது மூன்றை. பச்சை எரிந்தது.

எட்டு மணியிலிருந்து முன்னூற்று எண்பது போர்டு போயிருந்தது.

பல்லழகரிடம் ஓடினாள். அவர் ரீலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டெஸ்ட் பாஸ் ஆச்சா இல்லையா?"

"ஆச்சு சார். ஆனா..."

"ஆச்சுல்ல? அப்புறம் என்ன ஆனா, ஆவன்னா? போம்மா, போய் அடுத்த மாடலைப் பாரு." ரீலை அவள் கையிலிருந்து வாங்கி ஸ்டோர் வண்டியில் போட்டார். அதற்கும் முன்னால் விரலை நாக்கில் தொட்டுக்கொண்டார். எதற்கென்று தெரியவில்லை, பழக்கம்.

அந்தப் போர்டு எதற்குப் போகிறது என்று ஸ்டோர்காரரிடம் கேட்டாள். "மாசம் முடியறதுக்கு முன்னாடியே பொறந்துடற குழந்தைங்களைச் சூடா வெச்சிருக்கிற பெட்டிக்கு. வெள்ளிக்கிழமை லாரி" என்றார் அவர், பிஸ்கட்டைக் கடித்தபடி.

சாயங்காலம் புருஷனிடம் சொன்னாள். முப்பத்தேழாம் நம்பர் சாமான் சூடு எல்லை மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கிற பக்கம் உட்கார்ந்திருக்கிறது என்பது மெஷின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் போர்டு வரைபடத்திலிருந்து அவளுக்குத் தெரியும். டெஸ்ட்டில் ஏன் தெரியவில்லை என்பதுதான் புரியவில்லை.

அவர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "லிஃப்ட்ல கயிறு அறுந்தா பிடிச்சுக்கறதுக்குத் தனியா ஒரு பிரேக் இருக்கு, தெரியுமா? வருஷம் பூரா லிஃப்ட் நல்லாத்தான் ஏறும், இறங்கும். அந்த பிரேக் செத்துக் கிடந்தாலும் நல்லாத்தான் ஏறும், இறங்கும்."

"அறுந்தா?"

"அறுந்தாத்தான் தெரியும்."

அவள் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டாள். முகம் தெரியாத குழந்தைகளுக்காக நெஞ்சு உருகிவிட்டது என்று எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் அவள் அப்படிப்பட்டவள் இல்லை. அந்தப் பிசுபிசுத்த அட்டை கண்ணாடிப் பெட்டிக்குள்ளே, ஒரு பச்சைக் குழந்தையின் பக்கத்தில் கிடப்பதுபோல் அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அந்த அசிங்கத்தைத்தான் தாங்க முடியவில்லை.

புதன்கிழமை மேனேஜர் அறைக்குப் போனாள். மேனேஜர் கெட்டவர் என்று சொல்ல முடியாது; உட்காரச் சொன்னார். முழுக்கக் கேட்டார். பிறகு கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். செவ்வாய், எட்டு மணி நான்கு நிமிடம், இடம் முப்பத்தேழு, சரியான ரீல், பச்சை. பக்கத்தில் அவளுடைய ஊழியர் எண்.

"பாரும்மா. நீ சரியாத்தான் போட்டிருக்க."

"இல்ல சார், தப்பாப் போட்டேன். அட்டையைக் காட்டிட்டு..."

"எந்த அட்டை?" என்றார் மேனேஜர். குரல் இனிமையாகத்தான் இருந்தது. "அப்படி எதுவும் நம்ம ஃபேக்டரியில இருக்கறதா எனக்குத் தெரியலையே. உடம்பு சரியில்லையா? ரெண்டு நாள் லீவு வேணுமா?"

தப்பு செய்துவிட்டு இல்லை என்று சாதிப்பவர்களை உலகம் நிறையப் பார்த்திருக்கிறது. இவளோ தப்பு செய்தேன், செய்தேன் என்று மன்றாடுகிறாள்; எதிரே இருப்பவர் நீ உத்தமி என்று விரட்டுகிறார். வெளியே வந்து சிட்டுவிடம், "நீயாவது வந்து சொல்லேன், தாயத்து இருக்குன்னு" என்று கேட்டாள். சிட்டு மெஷினைப் பார்த்தபடியே, "என்ன தாயத்து அக்கா?" என்றாள். சிட்டு நல்ல பெண்தான். அதனால்தான் அது இன்னும் கேவலமாக இருந்தது.

வியாழக்கிழமை காலை எல்லோரையும் கூடத்தில் நிற்க வைத்தார்கள். 'பிழையில்லா ஊழியர்' என்று ஒரு சான்றிதழ். பதினோரு வருடத்தில் ஒரு சிவப்பு விளக்குகூட இல்லையாம். பேர் படித்ததும் கைதட்டல். பல்லழகர் முப்பத்திரண்டும் தெரிய முதலில் தட்டினார். தலையில் வலைத்தொப்பியோடு அவளுடைய ஃபோட்டோ அறிவிப்புப் பலகையில் ஏறியது. வாயை அடைப்பதற்கு இப்படியும் ஒரு துணி உண்டு என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. நேராகக் குழாயடிக்குப் போனாள். மூன்று முறை போதவில்லை.

மத்தியானம் ஆடிட், அதாவது தரச் சோதனை; அதற்காக அதே மாடலை மறுபடி மெஷினில் ஏற்றியிருந்தார்கள். அந்தக் குழந்தைப் பெட்டி செய்யும் கம்பெனியிலிருந்து ஓர் அம்மாள் வந்தார், கையில் நோட்டு, மூக்குக்கண்ணாடி சங்கிலியில் தொங்கியது. வருவதற்குப் பத்து நிமிடம் முன்பே தாயத்து கொக்கியிலிருந்து இறங்கி, மெஷினுக்குக் கீழே இருந்த இழுப்பறையில், துடைக்கிற துணிகளுக்கு அடியில் படுத்துக்கொண்டது. தூக்கி எறிய மாட்டார்கள். அந்த அம்மாள் போனதும் வேண்டுமே!

அறிவிப்புப் பலகையில் ஃபோட்டோவைப் பார்த்த அம்மாள் நேராக இவளிடம் வந்தார். "பிழையே இல்லாதவங்க நீங்கதானா? எப்படி மாட்டறீங்கன்னு ஒரு தடவை காட்டுங்களேன்."

"காட்டும்மா, காட்டு. மேடத்துக்கு நல்லாக் காட்டு" என்றார் பல்லழகர். மேனேஜர் புன்னகையோடு கைகட்டி நின்றார்.

அலமாரியில் எல்லா ரீலும் இருந்தது. ஒன்றை எடுத்து, லேபிளைக் காட்டி, ஒழுங்காகச் செருகியிருக்கலாம். நாற்பது விநாடி. எல்லோரும் டீ குடிக்கப் போயிருக்கலாம். அவள் கை அலமாரி வரைக்கும்கூடப் போனது. பிறகு அவள் குனிந்து இழுப்பறையைத் திறந்தாள். துணிகளை எடுத்துக் கீழே போட்டாள். தாயத்தை இரண்டு விரலால், செத்த எலியைத் தூக்குவதுபோல் ஓரத்தில் பிடித்து எடுத்தாள்.

"தினமும் எப்படி மாட்டறோமோ அப்படியே காட்டறேன் மேடம்" என்றாள்.

முப்பத்தேழாம் இடத்திலிருந்த ஃபீடரை உருவி மேஜையில் வைத்தாள். அந்த இடம் வெறும் ஓட்டையாக நின்றது. அட்டையின் முப்பத்தேழாம் லேபிளை ஸ்கேனரில் காட்டினாள். காலி இடத்தைக் காட்டினாள். பிறகு இரண்டு கையையும் விரித்து அந்த அம்மாளுக்கு முன்னால் நீட்டினாள். கையில் ஒன்றுமில்லை.

பச்சை விளக்கு எரிந்தது.

அந்த அம்மாள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். சிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பல்லழகருக்கு உதடு மூடிக்கொண்டது.

"செவ்வாய்க்கிழமை இப்படித்தான் பத்து மடங்கு தப்பான ரீலைப் போட்டேன். முன்னூத்து எண்பது போர்டு. டெஸ்ட்ல தெரியாது. அந்த ஒரு சாமானைத் தனியாக் கழட்டி, மீட்டர் வெச்சுப் பாருங்க மேடம்."

அங்கேயே ஒரு போர்டை எடுத்துப் பார்த்தார்கள். பிறகு பத்து. பிறகு எல்லாவற்றையும். வெள்ளிக்கிழமை லாரி காலியாகத் திரும்பியது.

திங்கட்கிழமை மேனேஜர் அறையில் அவளுக்கு ஒரு தாள் காத்திருந்தது. ஃபோட்டோ ஏற்கெனவே பலகையிலிருந்து போயிருந்தது. நாலு மூலையில் பசை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. தாளில் டைப் அடித்திருந்தது: 'மேற்படி ஊழியர் தமது கவனக்குறைவினால் தவறான ரீலை ஏற்றியதை ஒப்புக்கொள்கிறார்.' கீழே கையெழுத்துக்குக் கோடு.

"உன் பேரை நீயே கெடுத்துக்கிட்டியேம்மா" என்றார் மேனேஜர், உண்மையாகவே வருத்தத்தோடு. "அவ்வளவு மரியாதை பண்ணினோமே உனக்கு."

"அதான் சார் தாங்கல" என்றாள்.

தாளை நிதானமாக இரண்டு தடவை படித்தாள். கவனக்குறைவு, சரி. தவறான ரீல், சரி. ஒப்புக்கொள்வது, அதற்குத்தானே செவ்வாயிலிருந்து அலைகிறாள். வேலை போகும் என்று தெரிந்தது. அதற்குப் பயமாகவும் இருந்தது; பெண்ணின் படிப்பு இன்னும் முடியவில்லை. பேனாவைத் திறந்தாள். கையெழுத்துப் போடுவதற்கு முன், டைப் அடித்த வரிக்குக் கீழே எழுத ஆரம்பித்தாள்: 'அட்டையைக் காட்டித்தான் ஏற்றினேன். எல்லா லைனிலும் எல்லோரும் அட்டையைக் காட்டித்தான் ஏற்றுகிறோம்.'

மேனேஜர் எழுந்தே விட்டார். "என்னம்மா பண்ற? டைப் அடிச்ச தாள்ல கையால எழுதக் கூடாது!"

"ரீலைக் கையாலதானே சார் மாட்டினேன்" என்று சொல்லிவிட்டு, அவள் தன் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.