நிச்சயதார்த்தத் தட்டில் சீத்தாப்பழம்

என் நிச்சயதார்த்தத்தில் பெண்ணை ஒருவரும் பார்க்கவில்லை. எல்லாரும் பார்த்தது சீத்தாப்பழத்தை. பட்டுப்புடவை கட்டி, தலை நிறையக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு, அறைக் கதவு இடுக்கில் ஒற்றைக் கண்ணை வைத்தபடி நின்றிருந்த எனக்கு அந்தப் பழத்தின் மேல் வந்த பொறாமை கொஞ்சநஞ்சமில்லை.

மாப்பிள்ளை எனக்குப் புதியவர் இல்லை. திருப்பதியிலிருந்து சித்தூர் வழியாக எங்கள் குடிபாலாவுக்கு வந்துபோகும் பஸ்ஸில் அவர் கண்டக்டர். நான் சித்தூரில் வாத்தியார் வேலைக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தேன். தினமும் அதே பஸ், அதே ஜன்னலோர இடம். எட்டு மாதத்தில் நாங்கள் பேசிக்கொண்டது மொத்தம் இரண்டே வார்த்தை. நான் "சித்தூர்" என்பேன், அவர் "சில்லறை" என்பார். அதிலேயே எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. அவர் வீட்டிலிருந்தே பெண் கேட்டு ஆள் வந்த அன்று, கிணற்றடியில் யாரும் இல்லாத நேரம் பார்த்து ஒரு குதி குதித்தேன். இந்தக் கல்யாணம் நடக்காவிட்டால் வேறு எதுவும் வேண்டாம் என்று இருந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அப்படித்தான் இருந்தேன்.

ஆந்திரா தனி ராஜ்யமாகி, எல்லை எங்கே என்று மட்டும் முடிவாகாத காலம் அது. எங்கள் ஊர் மெட்ராஸுக்குப் போகுமா, ஆந்திராவிலேயே நிற்குமா என்று டீக்கடைக்கு டீக்கடை ஒரு தீர்ப்பு சொன்னார்கள்.

எங்கள் பக்கத்தில் தட்டு மாற்றும்போது பெண்ணின் அப்பா தன் கையால் துணியை விலக்கி, தட்டில் இருப்பதை உரக்கச் சொல்ல வேண்டும். என் நைனா அதற்காக ஒரு வாரம் மெனக்கெட்டிருந்தார். ஐப்பசி மாதம், ஊருக்குப் பின்னாலிருக்கும் கரட்டுக் குன்றில் சீத்தா காய்த்துக் குலுங்கியது. ஒவ்வொரு காயாகக் கண் விரிந்திருக்கிறதா என்று பார்த்துப் பறித்து, அரிசிப் பானைக்குள் பதுக்கிப் பழுக்க வைத்தார். எங்களை அந்தப் பானை பக்கமே விடவில்லை.

அன்றைக்கு நைனா தட்டின் துணியை விலக்கினார். "எங்க மலைல வெளஞ்ச சீத்தாப்பழம், இருவத்தோரு உருப்படி!"

நைனா எதிர்பார்த்தது பாராட்டு. வந்தது மாப்பிள்ளையின் அம்மாவுடைய அலறல்.

"ராமா! வத்து, வத்து! எடுங்க இத மொதல்ல!"

திருப்பதியில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம் அவர்களுடையது. பதறினால் அந்த அம்மாவுக்கு 'வேண்டாம்' என்பதுகூடத் தெலுங்கில்தான் வரும். மாப்பிள்ளையின் அப்பா மனைவியின் முகத்தைப் பார்த்தபடி வெற்றிலையை மென்றார். அந்த வீட்டில் எது அசைய வேண்டுமானாலும் அந்த அம்மா சொல்ல வேண்டும் என்பது பார்த்தவுடன் தெரிந்தது.

"இன்னா சம்மந்தியம்மா, இன்னா ஆச்சி?" என்றார் நைனா.

"சீதம்மா பேர வெச்ச பழங்க. காட்டுக்குப் போனா, தூக்கிக்கினு போய்ட்டாங்க, புருசனப் பிரிஞ்சி அழுதா. அந்தப் பேர எங்கனா கல்யாணத் தட்டுல வெப்பாங்களா? ஏற்கெனவே உங்க ஊரு எந்தப் பக்கம் போவுதுன்னு தெரில. நாளைக்கி எல்லையில கேட்டு போட்டுப் பூட்டிட்டா, பிரசவத்துக்கு வந்த மருமவ திரும்பி வருவாளா? எனக்கு இருக்கறது ஒரே புள்ள."

சொல்லிவிட்டு முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தே விட்டார்.

நைனா லேசில் விடுகிறவர் இல்லை. "சீதம்மா தனியா இருந்தாத்தான தோசம்? பக்கத்துல ஒரு ராம்சீத்தா வெச்சிட்டா ஜோடியாய்டும்!" என்று சொல்லி, சீத்தாவிலேயே வேறு வகையான அந்தப் பழம் தேடி நாலு பக்கமும் ஆள் அனுப்பப் பார்த்தார். ராம்சீத்தா மாசி பங்குனியில்தான் பழுக்கும் என்று யாரோ நினைவுபடுத்தினார்கள். "அப்ப ராமரு வர்றதுக்கு இன்னும் நாலு மாசம் ஆவும்" என்று கூட்டத்தில் ஒரு குரல். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்ததில் புரையேறிவிட்டது.

அப்போதாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என் தாய்மாமன். அவர் சித்தூரில் ஹைஸ்கூல் வாத்தியார். உலகத்தில் எது தப்பாக இருந்தாலும் உடனே திருத்தியாக வேண்டும் அவருக்கு.

"அம்மா, சீதைக்கும் இந்தப் பழத்துக்கும் சம்மந்தமே இல்ல. இது கடலுக்கு அந்தாண்ட எங்கியோ பொறந்தது. பரங்கிக்காரன் கப்பல்ல ஏறி வந்தது. சீதை இத கண்ணால கூடப் பாத்திருக்க மாட்டா."

"அப்ப சீதம்மா வனவாசத்துல இன்னாத்த துன்னா?"

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஐம்பது வருஷம் கழிந்தும் அந்தக் கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை.

மாமா சொன்னது உண்மைதான். பின்னால் நானும் வாத்தியாராகி, பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். குளிர்ச்சி என்று பொருள்படும் சீதம் என்ற சொல்லிலிருந்து பெயர் வந்தது என்பவர்களும் உண்டு. எது சரி என்று எனக்குத் தெரியாது. எனக்குப் பிடித்தது சீதையின் கதைதான். கப்பலில் வந்தபோது அந்தப் பழத்துக்கு வேறு பெயர் இருந்திருக்கும், அதை ஒருவரும் சட்டை செய்யவில்லை. தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் கல்லு மேட்டில் தானாக முளைத்து இத்தனை இனிப்பாகக் காய்க்கிறதே, இது காட்டில் இருந்தவள் கொடுத்ததாகத்தான் இருக்கும் என்று நினைத்திருக்கிறார்கள். எங்கிருந்தோ வந்ததற்குத் தன் வீட்டுப் பெண்ணின் பெயரை வைத்து, தமிழிலும் தெலுங்கிலும் ஒரே மாதிரி கூப்பிட்டு, நம்முடையது என்று சொல்லிக்கொண்டார்கள்.

ஆனால் அன்றைக்கு இதெல்லாம் எடுபடவில்லை. கப்பலில் வந்த பழம் என்றதும் அந்த அம்மாவுக்குக் கோபம் இரண்டு மடங்கானது. "பரங்கிப் பழத்தயா எம் புள்ளைக்கி வெச்சீங்க?" என்று செருப்பைத் தேட ஆரம்பித்தார். நைனா மாமாவைத் திட்ட, மாமா நைனாவைத் திட்ட, வீடு சந்தையாகிவிட்டது.

அந்த அமளியில் "தூ" என்று கொட்டை துப்பும் சத்தம் கேட்டது.

மாப்பிள்ளை தட்டின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து இரண்டாவது பழத்தைப் பிளந்துகொண்டிருந்தார். முதல் பழத்தின் கறுப்புக் கொட்டைகள் வெற்றிலைமேல் வரிசையாக இருந்தன. காலையிலிருந்து சாப்பிடவில்லையாம்.

"இன்னாடா பண்ற?" என்றார் அவர் அம்மா.

"துன்றேன். நல்லா கீது." வாயைத் துடைத்துக்கொண்டார். "ஏம்மா, சீதைய தூக்கிக்கினு போனப்ப ராமரு சும்மாவா இருந்தாரு? கடலயே தாண்டிப் போயி இட்டுக்கினு வந்தாரு. நான் குடிபாலாவுக்கு பஸ்ல வர மாட்டனா? தெனம் வர்ற பஸ்ஸுதான?"

எட்டு மாதத்தில் அவர் பேசி நான் கேட்ட மிக நீளமான பேச்சு அது. சந்தோஷத்தில் என் காது அடைத்துவிட்டது. அதன்பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை என்றுதான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன். கூப்பிடாமல் பெண் வெளியே வரக்கூடாது. நான் கதவைத் தள்ளிக்கொண்டு நேராக அந்த அம்மாவின் முன்னால் போய் நின்றேன்.

"அத்த, இவரு தேடிக்கினு வரவே வேணாம். யாரு கேட்டு போட்டாலும் நானே பஸ் ஏறி வந்துடுவேன்."

என் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நைனா தரையைப் பார்த்தார். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் என்னை உச்சி முதல் பாதம் வரை, புடவைக் கடையில் பட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தார். தேடி எடுத்திருந்த செருப்பு கையிலிருந்து கீழே விழுந்தது.

"இவ வனவாசம் போனா ராவணன்தான் பாவம்" என்றார் புருஷனிடம். "தட்ட எடுங்க, மாத்திக்கலாம்."