சமைத்துவிட்ட குற்றம்

பலாக்காய் பலாக்காயாக இருக்கும்வரை அரசாங்கத்துக்கு அதன்மேல் ஆசை கிடையாது. சந்தையில் மலையாகக் குவித்து விற்கலாம், வரி இல்லை. அதையே நறுக்கி, தேங்காய்ப்பாலில் கொதிக்கவைத்துச் சோற்றின் மேல் ஊற்றிப் பாருங்கள், எங்கிருந்தோ மோப்பம் பிடித்து வந்துவிடும்.

வாகிரா அதைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. ஜாவாவில் எங்கள் சந்தைக்குப் பின்னால், நாலு பெஞ்சு போட்ட சோற்றுக்கடை அவளுடையது. புருஷன் பர்ஜோனோ தேங்காய் துருவுவார், அவள் சமைப்பாள். வியாபாரம் ஓர் அளவைத் தாண்டினால்தான் வரி என்பதால், இவ்வளவு சின்னக் கடையை யாரும் சீண்டவில்லை. பிள்ளைகுட்டி இல்லாத அந்த இருவருக்கும் அந்தக் கடைதான் கஞ்சி ஊற்றியது.

ஒரு நாள் காலையில் பர்ஜோனோ தேங்காய் துருவிக்கொண்டே சரிந்து, போய்ச் சேர்ந்துவிட்டார். வாகிரா கடையை மூடினாள். ஏழாம் நாள் திறந்தாள், ஆனால் விற்பதற்காக அல்ல. மூட்டை தூக்குகிறவர்கள், ரிக்‌ஷாக்காரர்கள், மீன்காரிகள் என்று அவரைத் தெரிந்த அத்தனை பேரையும் கூப்பிட்டு, அவர் பேரைச் சொல்லிச் சோறு போட்டாள். காதில் கிடந்த தோட்டை விற்றுத்தான் போட்டாள். கூட்டம் தெருவரைக்கும் நின்றது.

எதிரே டயர் கடை நிழலில் ஓர் இளைஞன் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தான். நாத்தனார் ருஸ்மினி அவனுக்கும் ஒரு தட்டு கொண்டுபோனாள்.

"சாப்பிடு தம்பி. எங்க அண்ணனோட ஏழாம் நாளு."

அவன் தலைகுனிந்து வாங்கி, வழித்துச் சாப்பிட்டான்.

மறுநாளே வாகிரா பழையபடி வியாபாரத்தைத் தொடங்கினாள். கொஞ்ச நாளில் நோட்டீஸ் வந்தது. கடையில் அத்தனை கூட்டம் வருகிறதாம், இனி வரி கட்ட வேண்டுமாம். வரி ஆபீசுக்கு ஓடினாள். மேசைக்கு அந்தப் பக்கம் அதே இளைஞன், ஹெந்தார்த்தோ.

"தம்பி, நீயா? அன்னிக்கு நான் யார்கிட்டயும் காசு வாங்கலையேப்பா!"

"தெரியும்க்கா. மேல சொல்லிப் பார்த்தேன். எத்தனை தட்டு போகுதுன்னு எண்ணத்தான் அனுப்பினோம், யாரு காசு குடுத்தான்னு பார்க்கச் சொல்லலையேன்னுட்டாங்க."

"செத்த மனுசன் பேரால போட்ட சோறுப்பா."

அவன் குரலைத் தணித்துக்கொண்டான். "அரிசியும் காயுமா பையில போட்டுக் குடுத்திருந்தா நாங்க எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டோம். நீங்க சமைச்சுட்டீங்கக்கா."

"நீ தின்ன தட்டையும் சேர்த்தா எண்ணின?"

அவன் நோட்டீசை மடித்து அவள் பக்கம் நகர்த்தினான். நல்ல பிள்ளைதான். அதை வைத்து என்ன செய்வது?

வரியைச் சோற்று விலையில் ஏற்றிப் பார்த்தாள். அந்தக் கூடுதல் காசுக்கு மூட்டை தூக்குகிறவன் எங்கே போவான்? இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டு அடுத்த தெருக் கடைக்குப் போய்விட்டான். முதல் தவணை கட்டவே அண்டா, பெஞ்சு எல்லாம் போயின. வீட்டுக்கும் கடைக்கும் ஒரே அடுப்பு, அதுவும் போனது. இப்போது சந்தை வாசலில் சாக்கு விரித்துப் பலாக்காய் விற்கிறாள். அதற்கு வரியும் இல்லை, அதில் வயிறும் நிறைவதில்லை.

நாற்பதாம் நாள் வந்தது.

"இந்தத் தடவை பையில போட்டுக் குடுத்துடலாம் அண்ணி. இப்பல்லாம் நிறைய வீட்ல அப்படித்தான் செய்றாங்க" என்றாள் ருஸ்மினி.

கொஞ்சம் அரிசி, இரண்டு முட்டை, ஒரு துண்டுப் பலாக்காய். ஆண்கள் வந்து பாயில் உட்கார்ந்து ஓதினார்கள். பையை வாங்கினார்கள், எழுந்தார்கள். சாப்பாடு என்றால் உட்கார்ந்திருப்பார்கள். பர்ஜோனோ ரிக்‌ஷா ஓட்டக் கற்றுக்கொள்ளப் போய்க் கால்வாயில் விழுந்ததை யாராவது சொல்லிச் சிரித்திருப்பார்கள். அதைக் கேட்டு அவளும் கொஞ்சம் அழுதிருப்பாள். கையில் பையோடு வாசலில் நிற்கிறவன் எந்தக் கதையைச் சொல்வான்? அவர் பேரை ஒருவர்கூட எடுக்கவில்லை.

பாயைச் சுருட்டும்போது ருஸ்மினி கேட்டாள். "நீங்க ஏதாவது சாப்பிட்டீங்களா அண்ணி?"

மீந்திருந்த ஒரே பையை எடுத்து அவள் கையில் திணித்தாள் வாகிரா.

"நீ கொண்டு போடி. இதை வேகவைக்க என்கிட்ட என்ன இருக்கு?"