முட்டிக்குப் போட்ட பாலீஷ்

அம்மாவுக்கு வலது முட்டியை எடுத்துவிட்டு உலோக முட்டி வைத்தபோது அவளுடைய கவலை வலியைப் பற்றியதாக இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "ஏஞ்சாமி, நாஞ் செத்தா இது என்னாகும்?" என்று கேட்டாள்.

"அது வேகாதும்மா. சாம்பல்ல அப்படியே கெடக்கும். பட்டறைக்குக் கொண்டுபோயி, பேப்பர் பறக்காம மேல வெச்சுக்கறேன்" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அம்மா சிரித்தாள். "வெளையாடாத கண்ணு. என்னைய ஆத்துல கரைக்கறப்ப அதையும் சேத்துப் போட்டுரோணும். அங்க உங்கப்பன் முன்னால நொண்டிக்கிட்டா போயி நிக்கறது?"

"நான் பாத்துக்கறேம்மா" என்று தங்கை சொன்னாள். நான் 'சரி சரி' என்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆவாரம்பாளையத்தில் எனக்கு ஒரு சின்ன லேத் பட்டறை. பம்புக்கும் தறிக்கும் உதிரி பாகம் கடைந்து கொடுப்பது பிழைப்பு. இங்கே வருகிறவர்களில் பாதிப்பேர் வரைபடம் கொண்டுவர மாட்டார்கள். தேய்ந்த பீஸ் ஒன்றைப் பையிலிருந்து எடுத்து, "இதே மாதிரி வேணுமுங்க" என்பார்கள். அதற்குப் பெயர் சாம்பிள். இப்படியே பழகிப்போனதால் எந்த உலோகத்தைக் கண்டாலும் என் கை சும்மா இருக்காது.

போன மார்கழியில் அம்மா இறந்தாள். எரிவாயு மயானத்தில் சாம்பலை மண்சட்டியில் போட்டுக் கொடுத்தவர், மேலே இரண்டு உலோகத் துண்டுகளை வைத்து, "முட்டிங்களா? கொண்டுட்டுப் போறீங்களா, இங்கயே விட்டுர்றீங்களா?" என்றார். தங்கை முந்திக்கொண்டு, "அதும் எங்கம்மாதானுங்க, குடுங்க" என்று வாங்கிக்கொண்டாள். சாம்பலை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்பதால் சட்டி அன்று பட்டறையில் இருந்தது.

மறுநாள் காலையில் பேரூருக்குப் போய் ஆற்றில் கரைக்க வேண்டும். விடிந்ததும் சட்டியை எடுக்கத்தான் ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு உள்ளே போனேன். துண்டுகளில் ஒன்று தொடையெலும்பின் நுனியில் மாட்டுவது, வளைந்து வளைந்து இறங்கும். மேலெல்லாம் கரி. அம்மாவை இப்படி அழுக்காக அனுப்பக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். அந்த வளைவை எப்படிக் கடைந்திருக்கிறார்கள் என்று பார்க்க எனக்கு ஆசை, அவ்வளவுதான். பாலீஷ் சக்கரத்தை ஓடவிட்டுப் பிடித்தேன். கண்ணாடி மாதிரி வந்தது. அந்தக் கொஞ்ச நேரம் அம்மா இறந்ததே எனக்கு நினைவில் இல்லை. இதை எழுதவே கூசுகிறது.

சக்கரச் சத்தம் கேட்டு, கருமத்தம்பட்டியிலிருந்து தறி உதிரிக்கு வரும் வாடிக்கையாளர் குனிந்து உள்ளே வந்தார். அம்மா போன விஷயம் அவருக்குத் தெரியாது. என் கையிலிருந்ததை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, இது என்ன சாம்பிளுங்க?"

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். ஆனால் பெற்றவளின் சாம்பலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மிஷின் ஓட்டுகிறானே என்று நினைத்துவிடுவார். "ஆமாங்க, ஒரு சாம்பிளுங்க" என்றேன்.

"பாலீசு அருமைங்க. உங்க வேலைங்களா?"

"பீஸ் வெளியாளுதுங்க. பினிஷிங் நம்முளுதுங்க."

சொல்லிவிட்டு நிமிர்ந்தால் ஷட்டருக்கு அடியில் தங்கை நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. நேராக வந்து அவர் கையிலிருந்து அதை வாங்கி, முந்தானையால் துடைத்தாள்.

"எங்கம்மாளோட முட்டிங்க" என்றாள்.

அவர் பதறிப்போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டுச் சட்டியைப் பார்த்துக் கும்பிட்டார். என்னைப் பார்க்கவில்லை. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. காரில் பேரூர் போய்ச் சேரும்வரை தங்கை சட்டியை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டே வந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

நொய்யலில் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே தண்ணீர் ஓடியது. படித்துறையில் நின்று சாம்பலைக் கரைத்தேன், போய்விட்டது. முட்டித் துண்டுகள் இரண்டையும் போட்டேன். கருத்த துண்டு கல்லோடு கல்லாக மறைந்துவிட்டது. மற்றது அடியில் கிடந்து வெயிலுக்குப் பளபளவென்று மின்னியது.

தாய்மாமா எட்டிப் பார்த்தார். "என்ன மாப்ளே, புதுசாட்டம் மினுங்குது? இந்த மினுக்குக்கு, நாம அந்தப்பக்கம் போனதும் எவனாச்சும் எடுத்துட்டுப் போயிருவானே. அப்பறம் உங்கம்மா அங்க நொண்டிக்கிட்டல்லோ நிப்பா?"

"பினிஷிங் அண்ணனுதுங்க மாமா" என்றாள் தங்கை.

மாமாவுக்குப் புரியவில்லை. நான் வேட்டியோடு தண்ணீருக்குள் இறங்கி, மண்டிபோட்டு, அதைப் புதைக்க இரண்டு கையாலும் மண்ணைத் தோண்ட ஆரம்பித்தேன்.