இறந்த சிஸ்டரின்ர பங்கு

சிட்னிக்கு வெளியில ஒரு பழைய கல்லுக் கொன்வென்ற்றில் நான் தோட்டவேலை செய்தனான். சிஸ்டர்சியன் கன்னியாஸ்திரிகளின்ர மடம். அவை அதிகம் கதைக்க மாட்டினம். நானும் அப்படித்தான். ஒத்துப் போச்சு.

ஒரு காலத்தில் நிறையப் பேர் இருந்தவையாம். நான் போகேக்க மதரும் ஒரு வயது போன சிஸ்டரும்தான் மிச்சம். அந்த சிஸ்டர் இறந்து போனா. அடக்கம் முடிஞ்ச அடுத்த நாள் மத்தியானம் மதர் என்னைக் குசினிக்குக் கூப்பிட்டா. மேசையில் சிஸ்டர் வழமையா இருந்து சாப்பிடுற இடத்தில் சின்ன மரச்சிலுவை. அதுக்குப் பக்கத்தில் சூப்பும் பாணும்.

"முப்பது நாளைக்கு அவவின்ர சாப்பாட்டை ஒரு ஏழைக்குக் குடுக்க வேணும். எங்கட வழக்கம்," எண்டா மதர்.

"நான் சம்பளம் வாங்கிறன், மதர்."

"சம்பளம் குடுக்கிறது நான்தானே. அது எவ்வளவெண்டு எனக்குத் தெரியும். இரு."

இருந்தன். முதல் நாள் பாணை மட்டும் பிச்சுச் சாப்பிட்டன். ஊரில செத்த ஆக்களுக்குப் படைப்பம். இங்க அவவுக்காக நான் சாப்பிட வேணும். பிறகு பழகிட்டுது.

முப்பது நாள் முடிய முந்தியே கட்டடம் பாதுகாப்பில்லை எண்டு மதரை முதியோர் இல்லத்துக்குக் கொண்டு போச்சினம். சாகும்வரைக்கும் அந்த மடத்திலயே இருப்பன் எண்டு வாக்குக் குடுத்த மனிசி. வாகனத்தில ஏறேக்க ஒண்டுதான் கேட்டா.

"மிச்ச நாளுக்கும் வருவாய்தானே?"

"ஓம் மதர். வாறன்."

போனன். அங்க உள்ளுக்கு இருக்கிற ஆக்களுக்கு மட்டும்தான் சாப்பாடு. வெளி ஆளுக்குக் குடுக்கேலாது எண்டிச்சினம். மதர் தன்ர தட்டில பாதியைச் சாப்பிட்டிட்டு மற்றப் பாதியை என்ர பக்கம் தள்ளினா. நர்ஸ் பார்த்துக்கொண்டு நிண்டா. நான் தொடேல்லை. மதரும் தொடேல்லை. அடுத்தடுத்த நாளும் அதுதான்.

மதர் சாப்பிடுறா இல்லை எண்டு இல்லத்துக் குறிப்பில எழுதிப் போட்டினம். ஒரு நாள் போனால், நர்ஸ் பக்கத்தில இருந்து கரண்டியால தீத்திறா.

"வாயைத் திறவுங்கோ, டார்லிங். இன்னும் கொஞ்சம்தான்."

மதர் முகத்தை மற்றப் பக்கம் திருப்பினா.

"அது இவவின்ர பங்கில்லை. செத்த சிஸ்டரின்ர," எண்டன். என்ர இங்கிலீசு அவ்வளவுதான்.

நர்ஸ் என்னைப் பார்த்தா. "நீங்கள் சொந்தமோ?"

"இல்லை. தோட்டக்காரன்."

"அப்ப கொஞ்சம் வெளியில இருங்கோ. சாப்பாட்டு நேரம்."

தற்காலிக விசாவில இருக்கிறவன் எங்கையும் வாய் காட்டேலாது. வெளியில போய்க் கதிரையில இருந்தன். கண்ணாடிக் கதவாலை தெரிஞ்சுது. கரண்டி போய்ப் போய் வந்தது. மதர் கனநேரம் வாயை இறுக்கிக்கொண்டு இருந்தா. பிறகு திறந்தா. சிஸ்டரின்ர பாதியையும் விழுங்கினா.